முதலில் பேசவேண்டியவர் யார்?

5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மார்செய் நகரிலிருந்து எழுதிய ஜான் காசியன், எகிப்துப் பாலைவனத்தில் தாம் கேட்ட ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். காம இச்சையால் அலைக்கழிந்த இளந்துறவி ஒருவன் ஆறுதல் தேடி முதிய துறவி ஒருவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்கிறான். அவர் எரிந்து விழுகிறார். துறவி என்ற பெயருக்கே நீ தகுதியற்றவன் என்கிறார். இளைஞன் மனம் உடைந்து, குடிலை விட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பித் திருமணம் செய்துகொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறான். வழியில் அவனுடைய முகவாட்டத்தைக் கண்ட அப்பொல்லோ என்ற மூத்த துறவி விடாமல் விசாரித்து விஷயத்தை அறிகிறார். இந்த வயதிலும் தம்மை அதே இச்சை விட்டபாடில்லை என்று தம்மைப் பற்றிச் சொல்கிறார். ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள் என்று அவனைத் திருப்பி அனுப்புகிறார். பிறகு நேரே அந்த முதியவரின் குடிலுக்குப் போய், இளைஞனின் சோதனை இவர்மேல் திரும்பட்டும் என்று கண்ணீரோடு ஜெபிக்கிறார். சற்று நேரத்தில் முதியவர் நிலைகொள்ளாமல் வெளியே வந்து, இளைஞன் போன அதே பாதையில் ஊரை நோக்கி நடக்கத் தொடங்குகிறார்.

இந்த நிகழ்ச்சியில் பாவ அறிக்கை இரண்டு முறை நடக்கிறது. சொன்னவன் ஒருவனே, சொன்னதும் ஒன்றே. முதல் முறை அது அவனை வீழ்த்தப் பார்த்தது. இரண்டாம் முறை தாங்கிப் பிடித்தது. கேட்டவர் யார், அவர் தம்மைப் பற்றி என்ன சொல்ல முன்வந்தார் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. பாலியல் சோதனையை வெல்ல நண்பரிடம் கணக்கொப்புவிக்கும் பழக்கத்தை எடைபோட இதைவிடக் கூர்மையான அளவுகோலை நான் அறியேன்.

அந்தப் பழக்கம் இன்று சுவிசேஷத் திருச்சபைகளில் பரவலாகிவிட்டது. காம இச்சையோடு போராடுகிறவர் தனியாகப் போராட வேண்டாம். நம்பிக்கையான ஓரிருவரிடம் வாராவாரம் தம் நிலையை ஒளிக்காமல் சொல்லட்டும். அவர்கள் கேட்கட்டும், ஜெபிக்கட்டும் என்பது அதன் சாரம். பாவங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்றுநர் பில் மெக்கார்ட்னி 1990இல் கொலராடோவில் தொடங்கிய ‘பிராமிஸ் கீப்பர்ஸ்’ இயக்கம், ஆண்கள் ஏற்கவேண்டிய ஏழு வாக்குறுதிகளில் ஒன்றாகவே மற்ற சில ஆண்களுடனான நெருங்கிய உறவை வைத்தது. கைபேசி ஒவ்வொருவர் கையிலும் ஆபாசப் படங்களைக் கொண்டுவந்து சேர்த்த பிறகு இந்த அறிவுரை இன்னும் அழுத்தமாகச் சொல்லப்படுகிறது. அது உண்மையில் பயன் தருகிறதா, யாருக்கு, எந்த நிலையில் என்று கேட்கவேண்டிய வேளை இது. யாரிடமும் வாய் திறக்க முடியாமல் தனிமையில் வெந்துகொண்டிருப்பவர்கள் நம் ஆராதனைக் கூடங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்; தவறான மருந்தை அவர்கள் கையில் கொடுத்துவிடக் கூடாது.

முதலில் அதன் நியாயத்தைப் பார்ப்போம். இச்சையை மனத்துக்குள்ளேயே அமுக்கிவைப்பது எளிதில் பலிப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று பணிக்கப்பட்டவர்களுக்கு அந்த நினைவு மீண்டும் மீண்டும் வந்தது. தடை நீங்கியபின் அது இன்னும் மிகுந்து வந்தது. இரகசியங்களை ஆராய்ந்த மைக்கேல் ஸ்லெப்பியனும் அவருடைய குழுவினரும் 2017இல் காட்டியது இதற்கு இணையானது. மற்றவர் முன் ஒன்றை மறைக்கும் தருணங்கள் குறைவு. தனிமையில் மனம் தானாக அந்த இரகசியத்துக்குத் திரும்பிப் போகும் தருணங்களே அதிகம். மனநலம் குன்றுவதும் அப்படித் திரும்பிப் போவதோடுதான் கூடுதலாகத் தொடர்புபட்டிருந்தது. ஆகவே வாய்விட்டுச் சொல்வதால் ஒரு சுமை இறங்குகிறது என்று விசுவாசிகள் சொல்லும் அனுபவத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் இந்த ஆய்வுகள் நிறுவுவது இவ்வளவே: பேச்சு இரகசியத்தின் பிடியைத் தளர்த்தும். இச்சையையே அது தீர்த்துவிடும் என்று இவை சொல்லவில்லை. அப்படிச் சொல்லி ஒருவரைக் குழுவுக்கு அழைப்பது, பின்னால் வரப்போகும் ஏமாற்றத்துக்கு இப்போதே வித்திடுவதாகும்.

இந்தப் பழக்கத்துக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தவர்களில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி முதன்மையானவர். மொராவிய சகோதரர்களிடம் கற்றுக்கொண்ட சிறு குழு முறைக்கு அவர் 1738ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று விதிகள் வகுத்தார். குழு வாரம் ஒருமுறை கூடவேண்டும். சேர விரும்புகிறவரிடம் முன்கூட்டியே பதினொரு கேள்விகள் கேட்கப்படும்; தம் குறைகளை மற்றவர்கள் முகத்துக்கு நேரே சொல்வதை அவர் உண்மையிலேயே விரும்புகிறாரா என்பது அவற்றின் மையம். அந்தச் சம்மதம் கிடைத்த பிறகே, செய்த பாவங்களையும் சந்தித்த சோதனைகளையும் தப்பித்த வழியையும் பற்றிய வாராந்திரக் கேள்விகள் வரும். எதையாவது மறைத்துவைக்க ஆசைப்படுகிறீர்களா என்றும் கேட்கப்படும்.

இந்த விதிகளில் நான் மிக முக்கியமாகக் கருதுவது பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு சிறு ஏற்பாடு. மற்றவர்களை விசாரிக்கப்போகிறவர் முதலில் தம் நிலையைத் தாமே சொல்லவேண்டும். அதன் பிறகே அடுத்தவரிடம் கேட்கலாம். விசாரணைக்கும் நட்புக்கும் இடையிலான கோட்டை வெஸ்லி அங்கே போட்டுவிட்டார்.

அந்தக் கோடு ஏன் தேவை என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று. ஜார்ஜியா குடியேற்றத்தில் குருவாக இருந்தபோது அவர் விரும்பிய சோஃபியா ஹாப்கி என்ற பெண் 1737இல் வேறொருவரை மணந்துகொண்டார். சில மாதங்களில் அந்தப் பெண்ணுக்கு வெஸ்லி நற்கருணை கொடுக்க மறுத்தார். வழக்கு எழுந்தது, அந்த ஆண்டின் இறுதியில் அவர் ஜார்ஜியாவை விட்டு வெளியேறினார். தன் ஆசையைத் தனக்குச் சமமான யார் முன்னாலும் நிறுத்திப் பார்க்காத ஒரு குரு, தன் பதவியை அந்த ஆசையின் கருவியாக்கிவிடக்கூடும். குழு விதிகள் வந்தது அடுத்த ஆண்டு.

காசியனில் கண்டதும் வெஸ்லி விதியாக்கியதும் 20ஆம் நூற்றாண்டில் வேறொரு களத்தில் சோதிக்கப்பட்டன. 1935ஆம் ஆண்டு மே மாதம், வியாபார விஷயமாக ஏக்ரன் நகருக்கு வந்து தோற்றுப்போன நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சனுக்கு மறுபடி குடிக்கவேண்டும் என்ற வேட்கை எழுந்தது. குடிகாரர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசினால் தப்பலாம் என்று எண்ணினார். அப்படிச் சந்தித்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். வில்சன் அவருக்கு உபதேசம் செய்யவில்லை; தன் குடியின் கதையைச் சொன்னார். சில நிமிடங்களில் எழுந்துவிடலாம் என்று வந்த மருத்துவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பு அங்கே பிறந்தது. இருவருமே ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் தொடர்பில் இருந்தவர்கள். தன் தவறுகளின் உண்மைத் தன்மையைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது அந்த அமைப்பின் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது. 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரையும் உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டின் காக்ரன் மதிப்பாய்வு, குடியை முற்றிலும் விட்டிருப்பதில் இந்த வழி மற்ற சிகிச்சை முறைகளுக்கு இணையாகவோ சற்று மேலாகவோ பலன் தருகிறது என்று கண்டது.

இந்தச் சான்றை அப்படியே பாலியல் சோதனைக்குக் கொண்டுபோவது தவறு. குடியை முற்றிலும் விட்டுவிட்டு ஒருவர் முழுமையாக வாழலாம். காமம் அப்படிப்பட்டதன்று, படைப்பில் நல்லதாகத் தரப்பட்டு, திருமணத்தில் மலரவேண்டியது என்றே திருச்சபை போதிக்கிறது. விழாமல் கழிந்த நாள்களை எண்ணிக்கொண்டே போகும் குழு, இச்சையை ஒரு நஞ்சாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிடும். அப்படிப் பழகிய மனம் பிறகு மனைவியிடமோ கணவனிடமோ அச்சமின்றி நெருங்குவது எப்படி? அதனால் நாள் கணக்கை இங்கே விட்டுவிட்டு, உதவ வருகிறவர் தன் கதையை முதலில் சொல்வது என்ற அடிப்படையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அந்த அடிப்படைக்கு இறையியல் விளக்கம் தந்தவர் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் பான்ஹோஃபர். ஃபிங்கன்வால்டேயில் அவர் நடத்திய குருமடத்தை 1937இல் நாஜி இரகசியக் காவல்துறையான கெஸ்டபோ மூடியது. அங்கே வாழ்ந்த கூட்டு வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1939இல் வெளிவந்தது. தன் பாவத்தோடு தனித்திருப்பவன் முற்றிலும் தனித்திருக்கிறான் என்பது அதன் அறிக்கை பற்றிய பகுதியின் அடிநாதம். அதே மூச்சில் ஓர் எச்சரிக்கையும் விடுக்கிறார்: எல்லாருடைய அறிக்கையையும் ஒருவரே கேட்டுக்கொண்டிருந்தால் அவர் மற்றவர்களின் ஆன்மாவை ஆளத் தொடங்கிவிடுவார், தாம் அறிக்கை செய்யாதவர் மற்றவரின் அறிக்கையைக் கேட்கவே கூடாது. பான்ஹோஃபர் தம் மாணவரான எபர்ஹார்ட் பெத்கேயிடம் தம் பாவங்களை அறிக்கையிட்டார். ஆசிரியர் மாணவன் முன் உட்கார்ந்த அந்தச் செயல், நூலில் அவர் எழுதியது வெறும் கோட்பாடாக நின்றுவிடவில்லை என்பதைக் காட்டுகிறது.

இந்த அளவுகோலை இப்போது நம் காலத்து வடிவங்கள்மேல் வைத்துப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய ‘கவனன்ட் ஐஸ்’ நிறுவனம், ஒருவர் தம் கணினியிலும் கைபேசியிலும் எதைப் பார்க்கிறார் என்பதை அவர் தேர்ந்தெடுத்த நண்பருக்கு அறிக்கையாக அனுப்பும் மென்பொருளைக் கொண்டுவந்தது. நள்ளிரவில் தனியாக இருக்கும் ஒருவருக்கு, நாளை காலை நண்பன் பார்ப்பான் என்ற நினைப்பு ஒரு தடுப்பாக அமைவதை நான் மறுக்கவில்லை. தானாக விரும்பிப் போட்டுக்கொண்ட வேலிக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் இங்கே யாரும் யாரிடமும் பேசவில்லை. பாவத்தை அறிக்கையிடும் செயலையே இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. கேட்பவர் தம்மைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே மற்றவரின் அந்தரங்கத்தைப் பார்க்கிறார். சில சபைகள் தம் உறுப்பினர்களை இத்தகைய செயலிகளைப் போட்டுக்கொள்ளச் செய்ததை 2022இல் ‘வயர்டு’ இதழ் வெளிக்கொணர்ந்தது. மாற்றுத்திறனாளிகளுக்காக ஆண்ட்ராய்டில் உள்ள அனுமதிகளைக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தியதன் பேரில் கூகுள் அப்போது அவற்றைத் தன் செயலிக் கடையிலிருந்து விலக்கியது. போதகரின் கைக்கு அந்த அறிக்கைகள் போய்ச் சேருமானால் நண்பனுக்குரிய இடத்தில் காவலாளி வந்து அமர்கிறான். காவலாளியிடம் எவரும் மனம் திறப்பதில்லை; அவன் கண்ணில் படாத இன்னொரு கருவியைத் தேடுகிறார்கள்.

அதிகாரம் உள்ளவர்களிடத்தில் இந்தப் பழக்கம் அடியோடு முறிந்துபோகிறது. 1946இல் சென்னையில் பிறந்து உலகப் புகழ்பெற்ற கிறிஸ்தவப் பேச்சாளர் ரவி சகரியாஸ் 2020 மே மாதம் காலமானார். அவருடைய ஊழிய அமைப்பே பணித்த சட்ட நிறுவனத்தின் விசாரணை அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியானது. உடல் பிடித்துவிடும் சிகிச்சை செய்த பெண்களிடம் அவர் பல ஆண்டுகளாகப் பாலியல் அத்துமீறல் செய்திருந்ததை அது வெளிப்படுத்தியது. 2017இல் ஒரு பெண் தொடர்பான குற்றச்சாட்டு எழுந்தபோது அவருடைய மறுப்பை அப்படியே நம்பியது தங்கள் தவறு என்று அமைப்பின் குழுவினர் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டனர். அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் அவரைச் சார்ந்து வாழ்ந்தவர்கள். அவருடைய புகழில் அமைப்பின் வருவாயும் அவர்களின் வேலையும் கலந்திருந்தன. கடுமையான கேள்வியைக் கேட்டால் எல்லாரும் இழக்கவேண்டிய இடத்தில் எவரும் அதைக் கேட்கமாட்டார். அப்படிப்பட்ட ஊழியருக்கு நண்பர் குழு போதுமானது என்று இனி எந்தச் சபையும் சொல்லக் கூடாது. அவருக்குத் தேவை வெளியார் நடத்தும் கணக்காய்வு, பாதிக்கப்பட்டவர் அச்சமின்றி வந்து முறையிடும் வழி, புகாரைத் தாமே விசாரித்துத் தாமே மூடிவிட முடியாத அமைப்பு.

அமெரிக்க நற்செய்திப் பிரசங்கியார் பில்லி கிரஹாமும் அவருடைய தோழர்களும் 1948இல் மொடெஸ்டோ நகரில் எடுத்த முடிவு இதற்கு மாற்றாகப் பலரால் காட்டப்படுகிறது. மனைவியைத் தவிர வேறு பெண்ணோடு தனித்திருப்பதில்லை என்பது அதன் ஒரு பகுதி. கிரஹாமின் நீண்ட ஊழியத்தில் பாலியல் களங்கம் படியவில்லை; அதை மதிக்கிறேன். ஆனாலும் அது இச்சையைப் பற்றிய உரையாடல் இல்லை, இடைவெளி. அதன் விலையைச் செலுத்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்களே: உடன் ஊழியராக ஒரு மேசையில் அமரவேண்டியவர் ஆபத்தாகப் பார்க்கப்படுகிறார்.

இதுவரை என் அளவுகோல் தாக்குப்பிடித்தது. அதைத் தடுமாறச் செய்யும் ஒரு வழக்கும் உண்டு. அதை ஒதுக்கிவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நேர்மையாகாது. 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘எக்ஸோடஸ் இன்டர்நேஷனல்’, தன்பாலின ஈர்ப்புள்ள கிறிஸ்தவர்கள் மாறலாம் என்று வாக்களித்த அமைப்புகளின் கூட்டமைப்பு. அதில் வழிநடத்தியவர்களில் பலர் தாமே அந்த ஈர்ப்பை அனுபவித்தவர்கள். தங்கள் கதையைத்தான் முதலில் சொன்னார்கள். அப்படியிருந்தும் அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தாம் சந்தித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று 2012இல் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு, காயப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அமைப்பையே மூடினார். முதலில் பேசியவர்கள் இருந்தும் அது ஏன் தோற்றது? எந்த முடிவைச் சொன்னால் சாட்சி ஏற்கப்படும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது. ‘எனக்குள் எதுவும் மாறவில்லை’ என்ற ஓர் உண்மையை மட்டும் அங்கே சொல்ல இடமில்லை.

ஆகவே முதல் அளவுகோலோடு இரண்டாவதையும் சேர்த்தாக வேண்டும்: சொல்கிறவர் எந்த உண்மையைச் சொன்னாலும் தம் இடத்தையும் பிழைப்பையும் நற்பெயரையும் இழக்காமல் இருக்கவேண்டும். சபை ஊழியத்தில் பயிற்சி பெறும் இளைஞன், தன்னை வேலையிலிருந்து நீக்கும் அதிகாரமுள்ள போதகரிடம் கணக்கொப்புவிப்பது இந்த இரண்டாம் அளவுகோலில் தேறாது, அந்தப் போதகர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும்.

இன்னும் மூன்று மறுப்புகளுக்குப் பதில் சொல்லவேண்டும். முதலாவது, சமமானவர்கள் கூடினால் ஒருவர் தவறை ஒருவர் எளிதாக்கிக்கொள்வார்கள், வாராவாரம் ஒப்புக்கொண்டு வாராவாரம் விழுவது சடங்காகிவிடும் என்பது. இந்த அபாயம் உண்மையானது. எத்தனை முறை விழுந்தாய் என்பதோடு நிற்கும் குழுவில் அது கட்டாயம் நடக்கும். அந்த வாரத்தில் யாரிடம் கோபமாக இருந்தாய், எதற்கு அஞ்சினாய், எந்தத் தனிமை உன்னைத் திரைக்கு அனுப்பியது என்று கேட்கத் தெரிந்த நண்பனிடம் சடங்கு நிலைப்பதில்லை.

இரண்டாவது, இப்படிப்பட்ட குழுக்களில் எல்லாரையும் ‘அடிமை’ என்று அழைத்துவிடுவது. 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு, கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை ஒரு கோளாறாக ஏற்கிறது. ஆனால் தார்மீகக் கண்டனத்தால் மட்டும் எழும் மன வேதனை அந்த நோயறிதலுக்குப் போதாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. சமூகவியலாளர் சாமுவேல் பெர்ரி 2019இல் வெளியிட்ட நூல், அமெரிக்கப் பழமைவாதப் புராட்டஸ்டன்டுகளின் வேதனையில் பெரும் பங்கு அவர்களின் நம்பிக்கைக்கும் செயலுக்கும் இடையிலுள்ள இந்த முரணிலிருந்து வருகிறது என்று விளக்குகிறது. இது ஆண்களின் பாவம் என்றே எங்கும் பேசப்படுவதால், அதே போராட்டத்தில் இருக்கும் பெண்கள் இரட்டை வெட்கத்தைச் சுமக்கிறார்கள் என்பதும் அவர் காட்டும் உண்மை. பாவம் என்று நம்புகிறவர் அதைப் பாவம் என்றே அறிக்கையிடலாம். நோய் என்ற பெயரைத் தன்மேல் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. உண்மையிலேயே கட்டுப்பாடு இழந்தவரை உளநல மருத்துவரிடம் அழைத்துப்போவது நண்பனின் கடமை.

மூன்றாவதே மிகக் கனமானது: காயப்பட்டவர் இந்த அறையில் இல்லை. ஆண்கள் ஒருவருக்கொருவர் அழுது, ஜெபித்து, சமாதானத்தோடு வீடு திரும்புகிறார்கள். ஏமாற்றப்பட்ட மனைவிக்கு எதுவும் தெரியாது. நண்பனிடம் சொல்வது துணைவரிடம் சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடும் வழியாகிவிட்டால், அது இரகசியத்துக்கு இன்னொரு காவலரணாகிறது. அறிக்கையில் வெளிப்படுவது ஒரு குழந்தைக்கோ, தனக்குக் கீழே இருப்பவருக்கோ இழைத்த கொடுமை என்றால் அங்கே நட்பின் இரகசியக் காப்புக்கு இடமே இல்லை. குழந்தைகள்மீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பதை இந்தியாவின் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. சோதனை வேறு, குற்றம் வேறு. குற்றத்தை ஜெபக்குழுவில் கழுவிவிட முடியாது.

இவற்றையெல்லாம் எடைபோட்டபின் என் தீர்ப்பு இது. கணக்கொப்புவிக்கும் நட்பு ஏற்கத்தக்கது. அதை விட்டுவிட்டு ஆணையும் பெண்ணையும் தனிமைக்குள் தள்ளுவது அதைவிடப் பெரிய தீங்கு. ஆனால் அது இரகசியத்துக்கு மருந்து, இச்சைக்கு மருந்தன்று. கேட்பவர் தாமும் முதலில் சொல்லும்போதும், எந்த உண்மையைச் சொன்னாலும் சொன்னவர் தம் இடத்தை இழக்காதபோதும் மட்டுமே அது பலன் தரும். செயலி அதற்குத் துணையாக நிற்கலாம், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது. அதிகாரம் உள்ளவரை அது கட்டுப்படுத்தாது. ஈர்ப்பை மாற்றித் தருவதாக அது வாக்களிக்கக் கூடாது. இன்னொருவர் காயப்பட்ட இடத்தில் அது வழிவிட்டு விலகவேண்டும்.

தன் சபையில் இத்தகைய குழுவைத் தொடங்க நினைக்கிறவர், முதல் கூட்டத்தில் தம் போராட்டத்தைத் தாமே முதலில் சொல்லட்டும். அதற்கு மனம் வராதென்றால் அவர் அந்தக் குழுவைத் தொடங்காதிருப்பதே, வரப்போகிறவர்களுக்கு அவர் செய்யும் நன்மை.